எழுத்தைச் சொல்கிறார்கள், சொல்லை வாசிப்பதில்லை: தில்லியின் இலக்கும் வகுப்பறையின் நிலையும்

புதுதில்லி: நாடாளுமன்றத்தில் பள்ளிக் கல்வி குறித்த கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. எத்தனை பள்ளிகளில் கழிப்பறை இல்லை, எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலியாக உள்ளன, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு நிதி விடுவிக்கப்பட்டது என்று கூட்டத்தொடர்தோறும் உறுப்பினர்கள் கேட்கின்றனர். கல்வி அமைச்சகமும் மாநிலவாரிப் பட்டியலை இணைத்துப் பதில் அளிக்கிறது. ஆனால், முதல் வகுப்பில் வந்து அமரும் ஒரு குழந்தைக்கு எழுத்து எந்த முறையில் கற்பிக்கப்படுகிறது, அந்த முறையால் குழந்தை வாசிக்கக் கற்கிறதா என்ற கேள்வி அவையில் அரிதாகவே எழுகிறது.

இது ஆசிரியர்கள் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய நுணுக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது. ஊரகக் குழந்தைகளின் கல்வி நிலை குறித்துப் 'பிரதம்' தொண்டு நிறுவனம் 2005-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் 'அசர்' அறிக்கை நாடறிந்தது. 605 மாவட்டங்களில் ஏறத்தாழ 6.5 லட்சம் குழந்தைகளை அவர்களது வீடுகளிலேயே சந்தித்துத் தயாரிக்கப்பட்ட 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 6 முதல் 14 வயது வரையிலானவர்களில் 98.1 சதவீதத்தினர் பள்ளியில் சேர்ந்துள்ளனர். ஆனால், அரசுப் பள்ளிகளில் 3-ஆம் வகுப்புப் படிப்போரில் 2-ஆம் வகுப்பு நிலையிலான ஒரு சிறு கதையை வாசிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம் மட்டுமே. 5-ஆம் வகுப்பிலும் இந்த விகிதம் 44.8 சதவீதம்தான்.

இதுவே முன்னேற்றத்துக்குப் பிந்தைய நிலை. கரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் விளைவாக, 2018-இல் 20.9 சதவீதமாக இருந்த 3-ஆம் வகுப்பு விகிதம் 2022-இல் 16.3 சதவீதமாகச் சரிந்தது. அந்தச் சரிவிலிருந்து மீண்டு, பழைய நிலையையும் கடந்திருப்பது ஆறுதல் அளிக்கிறது. எனினும், நான்கில் மூன்று குழந்தைகள் இன்னும் வாசிப்பின் வாயிலிலேயே நிற்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை.

விரல்விட்டு எண்ணிய சிறுவன்

தலைநகரின் வடகிழக்குப் பகுதியில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியின் 2-ஆம் வகுப்பில் கண்ட காட்சி இந்தப் புள்ளிவிவரத்தின் பொருளை உணர்த்தியது. சுவரில் இந்தி எழுத்து அட்டவணை தொங்குகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு படம். ஆசிரியை பிரம்பால் சுட்டிக்காட்ட, 'கபூதர்' (புறா), 'கர்கோஷ்' (முயல்), 'கம்லா' (பூந்தொட்டி) என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் முழங்குகிறது. கேட்பவர்களுக்கு எல்லாக் குழந்தைகளும் எழுத்தறிந்தவர்களாகவே தோன்றும்.

படங்களை மறைத்துவிட்டு, நடுவிலிருந்த 'ம' என்ற எழுத்தை மட்டும் காட்டியபோது ஒரு சிறுவன் தயங்கினான். பின்னர் 'ப' வரிசையின் தொடக்கத்துக்குச் சென்று, விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து, ஐந்தாவது விரலில் 'ம' என்றான். அடுத்து, பெயர் என்று பொருள்படும் 'நாம்' என்ற இந்திச் சொல் கரும்பலகையில் எழுதப்பட்டது. 'ந' என்றான், அதன் துணைக்காலின் பெயரைச் சொன்னான், 'ம' என்றான். அத்துடன் நின்றுவிட்டான். மூன்றையும் சேர்த்தால் தான் நாள்தோறும் பேசும் ஒரு சொல் கிடைக்கும் என்பது அவனுக்குப் புலப்படவில்லை.

எழுத்தின் பெயரை அறிவது வேறு. எழுத்து எந்த ஒலியைக் குறிக்கிறது என்பதை உணர்ந்து, ஒலிகளை இணைத்துச் சொல்லாக்குவது வேறு. இந்த இரண்டாவது திறனை முறையாகவும் படிப்படியாகவும் கற்பிப்பதே 'ஃபோனிக்ஸ்' எனப்படும் எழுத்தொலி முறை. நம் ஊர்ப் பக்கங்களில் 'எழுத்துக் கூட்டிப் படித்தல்' என்று வழங்குவதும் ஏறத்தாழ இதுவே.

அமெரிக்காவும் பிரிட்டனும்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதுகுறித்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடும் வாதம் நடந்தது. குழந்தை பேசக் கற்பதைப் போலவே, நல்ல கதைகளோடு பழகினால் வாசிக்கவும் இயல்பாகக் கற்றுக்கொள்ளும் என்றது ஒரு தரப்பு. வாசிப்பு என்பது சூழலையும் பொருளையும் கொண்டு ஊகிக்கும் ஒரு விளையாட்டு என்று 1967-இல் எழுதிய கென்னத் குட்மன் இத்தரப்பின் முன்னோடி. 'முழுமொழி முறை' என்று இது அழைக்கப்பட்டது. எழுத்து என்பது மனிதன் வகுத்த குறியீடு, அதைத் திட்டமிட்டுக் கற்பிக்காவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாக வசப்படாது என்றது மற்றொரு தரப்பு.

இந்த வாதத்தில் அந்நாடுகளின் சட்டமன்றங்களே தலையிட்டன என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்க காங்கிரஸ் 1997-இல் கேட்டுக்கொண்டதன்பேரில் அமைக்கப்பட்ட தேசிய வாசிப்புக் குழு, கிடைத்த ஆய்வுகளைப் பரிசீலித்து 2000-ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. ஒலியுணர்வு, எழுத்தொலிப் பயிற்சி, தடையின்றி வாசித்தல், சொல்வளம், பொருளுணர்தல் ஆகிய ஐந்தும் தேவை என்று அது கூறியது. பிரிட்டனில் மக்களவையின் கல்விக் குழு, குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்பிக்கும் முறையை 2005-இல் ஆராய்ந்து, அரசு அதை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் தொடர்ச்சியாக வந்த ஜிம் ரோஸ் குழுவின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை எழுத்தொலி முறைக்கு முதன்மை அளித்தது. 2012 முதல் இங்கிலாந்தில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு 40 சொற்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்படுகிறது. அவற்றில் பாதி பொருளற்ற சொற்கள். குழந்தை மனப்பாடமாகச் சொல்கிறதா, எழுத்தைக் கூட்டிப் படிக்கிறதா என்பதைக் கண்டறியவே இந்த ஏற்பாடு.

ஆக, கற்பிக்கும் முறை என்பது மக்கள் பிரதிநிதிகள் விவாதிக்கத் தகாத பொருள் என்று அங்கே எவரும் கருதவில்லை.

தில்லியில் மாறிய பார்வை

இந்தியாவில் வாதம் வேறு வடிவில் நடந்தது. இங்கே பன்னெடுங்காலமாக நிலவி வந்தது எழுத்து வரிசையை மனப்பாடம் செய்யும் முறை. முதலில் உயிரெழுத்து, பிறகு மெய் வரிசை, அதன்பிறகு 'பாரகடி' எனப்படும் க, கா, கி, கீ என்ற பன்னிரண்டு உயிர்மெய் வரிசை, அதற்கும் பிறகே சொல். குழந்தை ஒரு கதையைக் கையில் எடுப்பதற்குள் ஓராண்டோ இரண்டாண்டோ கழிந்துவிடும். அதற்குள் பள்ளியின் மீதே வெறுப்பு ஏற்பட்டுவிடும்.

இந்த வறட்சிக்கு எதிராகக் குரல் எழுந்தது நியாயமே. மத்தியப் பிரதேசத்தில் 'ஏகலவ்யா' அமைப்பு 1980-களில் மேற்கொண்ட தொடக்கக் கல்விச் சோதனைகள் ஒரு மாற்றுப் பாதையைக் காட்டின. கிருஷ்ண குமார் இயக்குநராக இருந்த காலத்தில் என்சிஇஆர்டி வகுத்த 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பொருளையும் குழந்தையின் அனுபவத்தையும் முன்னிறுத்தியது. அதன்படி வந்த 'ரிம்ஜிம்' இந்திப் பாடநூல் எழுத்து வரிசையில் தொடங்காமல் படங்களுடனும் பாடல்களுடனும் தொடங்கியது. 40 சிறு கதைப் புத்தகங்கள் கொண்ட 'பர்கா' வரிசை 2008-இல் வெளியானது. குழந்தைகள் விரும்பிக் கையிலெடுக்கும் அப்புத்தகங்களின் பெருமை இன்றும் குறையவில்லை.

ஆயினும் ஒரு இடைவெளி விழுந்தது. எழுத்து வரிசை தேவையில்லை என்று கூறிய அளவுக்கு, அதற்குப் பதிலாக எழுத்தை எப்படி அறிமுகப்படுத்துவது என்பது கடைக்கோடிப் பள்ளியின் ஆசிரியருக்குச் சொல்லப்படவில்லை. புதிய பாடநூல் மேசை மீது இருக்க, ஆசிரியர் கரும்பலகையில் பழைய அட்டவணையையே எழுதினார். வீட்டில் படித்த பெற்றோரும் புத்தகங்களும் இருந்த குழந்தைகள் எப்படியோ கரையேறினர். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த குழந்தைகளே இதில் பாதிக்கப்பட்டனர்.

2020 ஜூலை 29-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கை, தொடக்க நிலையில் பயிலும் 5 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஓராண்டுக்குப் பின், 2021 ஜூலை 5-இல் 'நிபுண் பாரத்' இயக்கம் தொடங்கப்பட்டது. 3 முதல் 9 வயது வரையிலான குழந்தைகள் அனைவரும் 2026-27-ஆம் ஆண்டுக்குள் 3-ஆம் வகுப்பு முடிவில் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்பது அதன் இலக்கு.

2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான கலைத்திட்ட வடிவமைப்பு இரு முகாம்களுக்கும் இடையே ஒரு சமரசத்தை எட்டியது. வாய்மொழிப் பேச்சு, சொல்லை இனங்காணுதல், வாசிப்பு, எழுத்து ஆகிய நான்குக்கும் நாள்தோறும் நேரம் ஒதுக்க வேண்டும் என்றது. 2023-இல் வந்த 'சாரங்கி' என்ற புதிய இந்திப் பாடநூலில் பாடல்களுடனும் கதைகளுடனும் ஒலி, எழுத்துப் பயிற்சிகளும் இடம்பெற்றுள்ளன. ஏட்டளவில், ஒலியையும் எழுத்தையும் முறையாகக் கற்பிக்கும் பணி தில்லியின் கொள்கையில் மீண்டும் இடம்பிடித்துவிட்டது எனலாம்.

ஆங்கில அளவுகோல் பொருந்துமா?

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆங்கிலத்துக்காக வகுக்கப்பட்ட முறையை இந்திய எழுத்துகளுக்கு அப்படியே பெயர்த்து வைக்க இயலாது.

ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகள் ஏறத்தாழ 44. 'பட்', 'புட்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களிலும் நடுவில் உள்ள எழுத்து ஒன்றே, ஒலி வேறு. அங்கே குழந்தை எதிர்கொள்ளும் சிக்கல், எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான ஒழுங்கின்மை. இந்திய மொழிகளில் ஒழுங்கு பெருமளவு உண்டு. ஆனால், கற்க வேண்டிய வடிவங்களின் எண்ணிக்கை மிகுதி. கன்னடத்தில் உயிர்மெய்களையும் கூட்டெழுத்துகளையும் சேர்த்தால் நானூறுக்கும் மேற்பட்ட வடிவங்களைக் குழந்தை அறிய வேண்டியிருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, கன்னட எழுத்துகளைக் குழந்தைகள் முழுமையாகக் கைக்கொள்ள 4-ஆம் வகுப்பு வரையும் அதற்குப் பின்னும்கூட ஆகிறது என்று காட்டியது. ஆங்கில எழுத்துகளை ஓரிரு ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இந்தியிலும் தனித்த சிக்கல்கள் உண்டு. தமிழில் ஒரே 'க' என்று எழுதுவதை இந்தியில் நான்கு தனி எழுத்துகளாக எழுதுகின்றனர். மேலே கண்ட புறா, முயல், பூந்தொட்டி மூன்றும் இந்தியில் வெவ்வேறு எழுத்தில் தொடங்குபவை. ஒலியால் நெருங்கிய இந்த நான்கையும் எழுத்து வரிசை அடுத்தடுத்து வைக்கிறது. ஒலிப்பிறப்பிடத்தைக் கொண்டு எழுத்துகளை வகுத்த முன்னோரின் அறிவு போற்றத்தக்கது. ஆனால், இலக்கண அறிஞருக்கு உதவும் அந்த வரிசை, வேறுபாட்டைக் காதால் பிரித்தறியப் பழகாத ஐந்து வயதுக் குழந்தைக்கு மிகக் கடினமான வரிசையாகிவிடுகிறது.

தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு. இந்தியில் சொல்லின் இறுதியில் அத்தகைய குறி இடுவதில்லை. 'க', 'ம', 'ல' என்று மூன்று எழுத்தை எழுதிவிட்டுக் 'கமல்' என்று படிக்க வேண்டும். இறுதி எழுத்தின் 'அ' ஒலி எங்கே போயிற்று என்று குழந்தைக்கு எவரும் விளக்குவதில்லை. மேலும், 'கி' என்பதில் வரும் இகரக் குறி, நம் ஒற்றைக்கொம்பைப் போல எழுத்துக்கு முன்னே எழுதப்படுகிறது; ஒலிப்பதோ பின்னே. இவற்றைத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்காமல் 'ஒலியைக் கூட்டு' என்றால் குழந்தை திகைக்கவே செய்யும்.

வாசிப்பு வேகத்துக்கான அளவிலும் இதே சிக்கல். 3-ஆம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்பது நிபுண் பாரத் இலக்குகளில் ஒன்று. 'வீட்டிலிருந்து' என்ற ஒரே தமிழ்ச் சொல், இந்தியில் 'கர் ஸே' என்று இரண்டு குறுஞ்சொற்களாகிவிடும். ஒட்டுகள் சேர்ந்து நீளும் தமிழ், மலையாளச் சொற்களையும் குறுகிய இந்திச் சொற்களையும் ஒரே எண்ணால் அளப்பது நீதியாகாது. இதை உணர்ந்தே, ஏறத்தாழ 10,000 பள்ளிகளில் 86,000 குழந்தைகளிடம் 2022-இல் நடத்தப்பட்ட அடித்தளக் கற்றல் ஆய்வு, 20 மொழிகளுக்குத் தனித்தனி அளவுகோல் காண முற்பட்டது. ஆனால், அரசியல் மேடைகளிலும் விளம்பரங்களிலும் மாநிலங்களை ஒப்பிடும்போது இந்த வேறுபாடு மறக்கப்படுகிறது.

வரிசையை மாற்றினால் வழி பிறக்கும்

இந்திய எழுத்துக்கு ஏற்ற எழுத்தொலி முறை எப்படி இருக்கும் என்பதற்கு உள்நாட்டிலேயே முன்மாதிரிகள் உள்ளன. ராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் பகுதிக் கிராமங்களில் கீர்த்தி ஜெயராம் தலைமையிலான அமைப்பு உருவாக்கிய 'வர்ண சமூஹ்' முறை அவற்றில் ஒன்று. எழுத்து வரிசையை ஒதுக்கிவைத்துவிட்டு, வடிவத்தாலும் ஒலியாலும் ஒன்றோடொன்று குழம்பாத, அடிக்கடி பயன்படும் ஐந்தாறு எழுத்துகளையும் ஓரிரு உயிர்க்குறிகளையும் ஒரு தொகுதியாக எடுத்துக்கொள்வதே இதன் சாரம்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ம, ந, க, ல என்ற நான்கு எழுத்துகளும் துணைக்காலும் தெரிந்தால் போதும். 'நாம்' (பெயர்), 'காம்' (வேலை), 'நாக்' (மூக்கு), 'கான்' (காது), 'மாலா' (மாலை) என்று குழந்தை தானே சொற்களை அமைத்துவிடும். எழுத்து பொருள் தரும் என்ற நம்பிக்கை முதல் சில வாரங்களிலேயே பிறக்கிறது. எளிதில் எழுதத்தக்க ட, ப, ம போன்ற எழுத்துகளில் தொடங்கிப் 'படம்' என்று வாசிக்க வைக்கும் வழக்கத்தை அறிந்த தமிழாசிரியர்களுக்கு இது வியப்பளிக்காது. இம்முறையின் சாயலை இன்று பல மாநிலங்களின் ஆசிரியர் கையேடுகளில் காண முடிகிறது.

எழுத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு தொங்குவதும் பயன் தராது என்பதற்கும் சான்று உண்டு. கர்நாடகத்தின் யாதகிரியிலும் மகாராஷ்டிரத்தின் வாடா வட்டாரத்திலும் ஷைலஜா மேனன் தலைமையிலான ஆய்வுக் குழு 2011 முதல் சில ஆண்டுகள் ஒரே குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்தது. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி எழுத்துக்கே செலவிடப்பட்டும், பல குழந்தைகளுக்கு அந்த எழுத்தே முழுமையாகப் படியவில்லை என்பது அதன் முடிவு. கதையைக் கேட்பது, அதைப் பற்றிப் பேசுவது, தாமாக எழுத முயல்வது ஆகியவற்றுக்கு வகுப்பில் இடமே இல்லாதிருந்தது.

உத்தரப் பிரதேசத்தில் 2013-14-இல் பிரதம் நடத்திய வாசிப்பு முகாம்கள் மற்றொரு பாடம் புகட்டின. மேல்வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் தெரியாத குழந்தைகளை, வகுப்பு வாரியாக அன்றி வாசிக்கும் திறன் வாரியாகப் பிரித்து, உயிர்மெய் அட்டவணையையும் சிறுகதைகளையும் சேர்த்துப் பயிற்றுவித்தனர். மொத்தம் 50 நாள்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோரின் மதிப்பீடு, முகாமில் பங்கேற்ற குழந்தைகளின் வாசிப்பில் கணிசமான முன்னேற்றம் இருந்ததை உறுதிசெய்தது. அண்மைக் காலத்திலும் அம்மாநிலத்தின் உயர்வு குறிப்பிடத்தக்கது. அரசுப் பள்ளிகளின் 3-ஆம் வகுப்பில் 2-ஆம் வகுப்புப் பாடத்தை வாசிப்போர் 2018-இல் 12.3 சதவீதம்; 2022-இல் 16.4, 2024-இல் 27.9.

வீட்டு மொழியும் பள்ளி மொழியும்

எழுத்தொலி முறைக்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு. எழுத்தைக் கூட்டியவுடன் கிடைக்கும் சொல், குழந்தை முன்பே காதால் கேட்டுப் பழகிய சொல்லாக இருக்க வேண்டும். இல்லையேல், சரியாகக் கூட்டிப் படித்த பின்னரும் மனத்தில் எந்தப் பொருளும் தோன்றாது.

இந்தி மாநிலங்கள் என்று நாம் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடும் பகுதியில் இந்த நிபந்தனை பல இடங்களில் நிறைவேறுவதில்லை. பஸ்தரில் குழந்தையின் மொழி கோண்டி அல்லது ஹல்பி. தெற்கு ராஜஸ்தானில் வாக்டி. வடக்கு பிகாரில் மைதிலி. பாடநூலின் செவ்விய இந்தி அவர்களுக்குப் பாதி அயல்மொழி. ஒலியிலும் வேறுபாடு உண்டு. நகரத்தைக் குறிக்கும் 'ஷஹர்' என்ற சொல், போஜ்புரி பேசும் வீடுகளில் 'ஸஹர்' என்றே ஒலிக்கிறது. 'இந்த எழுத்தின் ஒலி ஷ' என்று ஆசிரியர் சொல்லும்போது, குழந்தையின் காதில் உள்ள சொல்லும் பலகையில் உள்ள எழுத்தும் ஒத்துப்போவதில்லை. அதைப் பிழை என்று கண்டித்தால் குழந்தை வாய்திறப்பதையே நிறுத்திக்கொள்ளும்.

முன்னாள் ஐஏஎஸ் அதிகாரி தீர் ஜிங்ரன் 2005-இலேயே தமது நூலில் இந்த மொழிப் பாதகத்தை விரிவாக எடுத்துரைத்தார். ஒடிஸா மாநிலம் 2006-07 முதல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது. 2003-இல் எட்டாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட சந்தாலியின் நிலை கருத்தில் கொள்ளத்தக்கது. 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் அம்மொழிக்காக ரகுநாத் முர்மு 1925-இல் உருவாக்கிய 'ஒல் சிக்கி' எழுத்தில் உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்துகள். எழுத்தொலிப் பயிற்சிக்கு மிக இணக்கமான அமைப்பு அது. ஆயினும், சந்தால் குழந்தைகள் மாநிலத்துக்கு மாநிலம் தேவநாகரி, வங்கம், ஒடியா என்று வேறு எழுத்துகளையும் சுமக்க வேண்டியுள்ளது.

இத்தகைய சூழலில் ஆங்கில வழிக் கல்வியின் மீதான நாட்டம் நிலைமையை மேலும் சிக்கலாக்குகிறது. தலைநகரின் தெருக்களில் 'ஃபோனிக்ஸ் கற்றுத் தரப்படும்' என்ற விளம்பரப் பலகை தொங்காத மழலையர் பள்ளியைக் காண்பது அரிது. பெற்றோரின் ஆவலைக் குறைகூற முடியாது. ஆனால், ஆங்கிலச் சொற்களையே அறியாத குழந்தைக்கு ஆங்கில எழுத்தின் ஒலியை மட்டும் கற்பிப்பது, பொருளின்றிக் கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்கும் பழைய வழக்கத்தின் புதிய வடிவமாகவே முடியும்.

நிதியும் பயிற்சியும்

நிபுண் பாரத் இயக்கத்துக்குத் தனி நிதி இல்லை. 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின் வழியாகவே அது நடக்கிறது. அதன்கீழ், கற்பித்தல் கருவிகளுக்குக் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் ரூ.500, ஆசிரியர் கையேட்டுக்கு ஆசிரியர் ஒருவருக்கு ரூ.150 என்று வரையறுக்கப்பட்டது. 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அடிப்படைக் கற்றல் குறித்த அரசு உத்தரவு சென்று சேர்ந்திருப்பதாக 2024 அசர் அறிக்கை கூறுகிறது. உத்தரவு சென்ற அளவுக்குக் கற்பிக்கும் கலை சென்றதா என்பதே கேள்வி. 2021-இல் தொடங்கிய 'நிஷ்டா' பயிற்சியின் 12 பகுதிகளையும் ஆசிரியர்கள் இணையவழியிலேயே படித்தனர். ஒலியைக் கூட்டத் திணறும் குழந்தையின் அருகில் அமர்ந்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் திரையில் பார்த்து மட்டும் கற்றுவிட முடியாது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளில் அதற்கான நேரமும் கிடைப்பதில்லை.

சமக்ர சிக்ஷா நிதி அரசியல் பூசலில் சிக்கியதும் வேதனைக்குரியது. பிரதமரின் 'பி.எம். ஸ்ரீ' பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத தமிழகம், கேரளம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களுக்கு நிதி நிறுத்திவைக்கப்பட்டது நியாயமற்றது என்று திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 மார்ச்சில் கருத்துத் தெரிவித்தது. தமிழகத்தின் பங்கு மட்டும் ரூ.2,152 கோடி. 2022 ஜூன் 13-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கி, கரோனா கால இழப்பை ஈடுசெய்ய முயன்ற மாநிலம் தமிழகம். வேறொரு திட்டத்தின் பெயரால் தொடக்க வகுப்புக் குழந்தைக்குரிய நிதியைத் தடுத்தால் இழப்பு யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவையில் எழ வேண்டிய கேள்வி

86-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை 2002-இல் நிறைவேற்றியதும், 2010 ஏப்ரல் 1-இல் கல்வி உரிமைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் நாடாளுமன்றத்தின் பெருமைக்குரிய பணிகள். அவற்றின் பயனாக அனேகமாக எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்துவிட்டனர். வந்தவர்களுக்கு வாசிக்கக் கற்பிப்பது அடுத்த கடமை.

எழுத்தொலி முறை மந்திரக்கோல் ஆகிவிடாது. ஆனால், அது இல்லாமல் ஏழை வீட்டுக் குழந்தை வாசிக்கக் கற்பது மிகக் கடினம் என்பதை அனுபவமும் ஆய்வும் ஒருசேரச் சொல்கின்றன. அந்தந்த மொழியின் எழுத்தமைப்புக்கு ஏற்ப அது வகுக்கப்பட வேண்டும். குழந்தை வீட்டில் பேசும் மொழியிலிருந்து தொடங்க வேண்டும். 3-ஆம் வகுப்போடு கைவிடாமல் 5-ஆம் வகுப்பு வரை தொடர வேண்டும். இவற்றை முடிவு செய்யும் உரிமையும் பொறுப்பும் மாநிலங்களிடம் இருக்க வேண்டும். தில்லி நிதியும் ஆய்வும் தந்து துணை நிற்க வேண்டும்.

2026-27 என்ற இலக்கு ஆண்டின் பெயரால் வரும் அறிக்கைகளில் எத்தனை கோடி குழந்தைகள் பயன்பெற்றனர் என்ற எண்ணிக்கை நிச்சயம் இடம்பெறும். விரல்விட்டு எண்ணி 'ம' என்று சொன்ன அந்தச் சிறுவனும் 'பயன்பெற்றோர்' பட்டியலில் ஒருவனாக இருப்பான். அவனால் 'நாம்' என்ற சொல்லை வாசிக்க முடிந்ததா என்று கேட்க, எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், அவையில் ஓர் உறுப்பினராவது எழ வேண்டும்.